சர்க்கரைக்கட்டிச் சீமானும் சத்துணவுப் பேராசிரியரும்

தெற்கு லண்டனில் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் ஒரு பழைய நூலகம் இருக்கிறது. பேருந்து நெரிசலும் கோழிக்கறிக் கடைகளின் எண்ணெய் மணமுமாக ஓடுகிற அந்தச் சாலையில் அதன் முகப்பு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். 1891இல் திறக்கப்பட்டது. பெயர் டேட் நூலகம். லண்டனில் டேட் என்று சொன்னால் எல்லோருக்கும் ஓவியக்கூடம்தான் நினைவுக்கு வரும். ஸ்ட்ரெதம்வாசிகளுக்குக்கூட அந்தப் பெயரோடு சர்க்கரை நினைவுக்கு வருவதில்லை. ஓவியங்களை வாங்கிய பணமும், நூலகத்தைக் கட்டிய பணமும், பக்கத்துப் பிரிக்ஸ்டனில் இன்னொரு நூலகம் எழுப்பிய பணமும் சர்க்கரையில் ஈட்டியவை.

ஹென்றி டேட் 1819இல் லங்காஷயரில் சோர்லி என்ற சிற்றூரில் பிறந்தவர். லிவர்பூலில் மளிகைக்கடை வைத்து மேலே வந்தார். 1859இல் சர்க்கரை ஆலை ஒன்றில் பங்குதாரர் ஆனார். 1870களில் ஜெர்மானியர் ஓய்கன் லாங்கனிடமிருந்து சர்க்கரையைச் சிறு சதுரக் கட்டிகளாக்கும் முறையின் உரிமையை வாங்கினார். அதுவரை வெள்ளைச் சர்க்கரை கூம்பு வடிவப் பாளமாக வரும். இடுக்கி போன்ற ஒரு வெட்டியால் கடைக்காரரோ வீட்டுப் பெண்ணோ துண்டாக்கிக்கொள்ள வேண்டும். அச்சுவெல்லத்தை அம்மிக்கல்லில் தட்டி உடைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். கட்டியாக வந்ததும் எண்ணிப் போட முடிந்தது. தேநீருக்கு ஒன்றா இரண்டா என்று விருந்தாளியைக் கேட்கும் வழக்கமும் சௌகரியமாயிற்று. 1878இல் தேம்ஸ் கரையில் சில்வர்டவுனில் டேட்டின் ஆலை கட்டிகளைத் தள்ளத் தொடங்கியது. அவர் ஸ்ட்ரெதம் பொதுவெளியை ஒட்டிய பார்க் ஹில் மாளிகையில் குடியேறி, அங்கே ஓவியங்களைச் சேர்த்து, 1899 டிசம்பரில் அங்கேயே இறந்தார்.

ஸ்ட்ரெதமுக்கு இப்படி ஒரு வரலாறு முன்பே உண்டு. டேட்டுக்கு நூறாண்டுக்கு முன் இங்கே வாழ்ந்த ஹென்றி த்ரேல் மதுவடிக்கும் ஆலைக்காரர். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் அவர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் விருந்தாளி. த்ரேல் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறவர். ஜான்சனும் மருத்துவர்களும் எச்சரித்தும் கேளாமல் 1781இல் பக்கவாதத்தில் போனார். புனித லியோனார்ட் தேவாலயத்தில் அவர் நினைவுக்கல்லில் ஜான்சனின் லத்தீன் வரிகள் இருக்கின்றன. தின்பதை விற்றுப் பணக்காரர் ஆனவர்களும், தின்றதால் போனவர்களும், தின்னாதே என்று சொல்லித் தோற்றவர்களும் ஒரே ஊரில் சேர்ந்திருப்பது எனக்கு வேடிக்கையாகவே பட்டுவந்தது. டேட் நூலகத்தைக் கடக்கும்போதெல்லாம் மூன்றாவது வகையைச் சேர்ந்த ஒருவர் நினைவுக்கு வருவார். அவர் கதை நடந்தது ஆற்றுக்கு வடக்கே, கென்சிங்டனில். சர்க்கரைக்கு எதிராகத் தன் பேரையும் பதவியையும் பணயம் வைத்த ஜான் யுட்கின்.

இன்று யுட்கினை அறிந்தவர்கள் அவரை ஒரு தீர்க்கதரிசியாகவே அறிவார்கள். சர்க்கரை கெடுதல் என்று 1972இலேயே சொன்னார், உலகம் கேட்கவில்லை, ஆலைக்காரர்கள் அவரை ஒழித்தார்கள், இறந்தபின் வென்றார். சினிமாக் கதைபோல இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். அவர் எழுதியவற்றையும் அவரை எதிர்த்து எழுதப்பட்டவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொரு யுட்கின் தெரிகிறார். நாம் கொண்டாடும் யுட்கினைவிட அவர் பெரியவர். அதே சமயம், தான் பிறருக்குச் சொன்ன எச்சரிக்கையைத் தானே மறந்தவரும்கூட.

யுட்கின் 1910 ஆகஸ்டில் லண்டனின் கிழக்கு முனையில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யாவில் யூதர்கள்மீது நடந்த வன்முறைக்குத் தப்பி வந்தவர்கள். ஆறு வயதில் தந்தை இறந்தார். ஐந்து ஆண் பிள்ளைகளைத் தாய் ஒற்றையாளாக வளர்த்தார். உதவித்தொகையில் ஹாக்னியில் பள்ளிப் படிப்பு, பிறகு செல்சி பாலிடெக்னிக், பிறகு கேம்பிரிட்ஜ். அங்கே மார்ஜரி ஸ்டீபன்சனின் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாக்களின் நொதிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். ராயல் சொசைட்டி 1945இல் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட இரு பெண்களில் ஒருவர் இந்த ஸ்டீபன்சன். உணவு மாறினால் நுண்ணுயிர் அதற்கேற்ப நொதியை எப்படி உண்டாக்கிக்கொள்கிறது என்பது கேள்வி. 1938இல் யுட்கின் எழுதிய கட்டுரை, பின்னாளில் ஜாக் மோனோவுக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த துறைக்கு முன்னோடிகளில் ஒன்று. அதே வழியில் போயிருந்தால் யுட்கின் உயிர்வேதியியல் பாடநூல்களில் ஓர் அடிக்குறிப்பாகவாவது நின்றிருப்பார். அவரோ மருத்துவம் படித்துவிட்டு மனிதர்களின் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தார்.

கேம்பிரிட்ஜில் இருந்தபோது பள்ளிக் குழந்தைகளுக்கு வைட்டமின் கொடுத்துப் பார்த்தார். பெரிய பலன் தெரியவில்லை. ஆனால் ஏழைகள் வாழும் பகுதியின் பள்ளிப் பிள்ளைகள் வசதியான பகுதிப் பிள்ளைகளைவிட உயரத்தில் குறைந்திருப்பதும் கைப்பிடியில் பலம் குறைந்திருப்பதும் அவர் கண்ணில் பட்டன. தேடியது வைட்டமினை, கிடைத்தது வறுமையின் அளவு.

அடுத்து வந்தது போர். ராணுவ மருத்துவப் படையில் அவரைச் சியரா லியோனுக்கு அனுப்பினார்கள். உள்ளூர்ச் சிப்பாய்களுக்குப் பரவலாக ஒரு தோல் நோய் இருந்தது. தொற்று என்று நினைத்திருந்தார்கள். யுட்கின் அதை ரிபோஃப்ளேவின் என்ற பி வைட்டமின் குறைபாடு என்று கண்டார். ஆச்சரியம் என்னவென்றால், ராணுவ உணவுப் பட்டியலின்படி அந்த வைட்டமின் போதுமான அளவு இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் நான்கு பிரிட்டிஷ் காலனிகளுக்கும் ஒரே பட்டியல். அதில் ரிபோஃப்ளேவின் வருவது பெரும்பாலும் கம்பு போன்ற சிறுதானியத்திலிருந்து. சியரா லியோன்காரர்களுக்கோ அந்தத் தானியம் பிடிக்காது. பசித்தாலும் தொடமாட்டார்கள். காகிதத்தில் இருந்த சத்து வயிற்றுக்குப் போகவில்லை. அதுதான் நோய்.

அவர் வாழ்க்கையில் நான் மிக விரும்பும் இடம் இதுதான். பிறகு அவர் சொன்ன பல விஷயங்களுக்கு விதை இங்கே இருக்கிறது. மனிதன் சத்தைச் சாப்பிடுவதில்லை, உணவைச் சாப்பிடுகிறான். அதுவும் தனக்குப் பிடித்ததை. தமிழ்நாட்டில் மதிய உணவுத் திட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989இல் முட்டை சேர்ந்தபோது தட்டுக்கு வந்தது புரதம் மட்டுமா? பிள்ளைகள் ஆசையாகத் தின்கிற ஒரு பொருளும் அல்லவா? கணக்கு ஏட்டில் புரதத்தைப் பருப்பாலும் நிரப்பலாம். எது தட்டில் மிஞ்சுகிறது என்பதைச் சமையற்காரம்மாவைக் கேட்டால்தான் தெரியும்.

1945இல் யுட்கின் லண்டனில் உடலியங்கியல் பேராசிரியர் ஆனார். அவர் போய்ச் சேர்ந்த கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கென்சிங்டனில் காம்ப்டன் ஹில்லில் இருந்த அது, கிங்ஸ் கல்லூரியின் பெண்கள் பிரிவில் 1908இல் தொடங்கிய மனையியல் படிப்பிலிருந்து முளைத்தது. வீட்டைப் பராமரிப்பது, சமைப்பது, துவைப்பது ஆகியவற்றுக்குப் பின்னால் உள்ள வேதியியலையும் உடலியலையும் பெண்களுக்குக் கற்பிக்கலாம் என்ற எண்ணம். ஆண் விஞ்ஞானிகள் இதை உதட்டைச் சுழித்தே பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தில் சமையலறைக்கு என்ன வேலை என்பதே கேள்வி. 1953இல் அந்தக் கல்லூரி ராணி எலிசபெத் கல்லூரி என்று பெயர் மாறியது. அதே ஆண்டில் ஊட்டச்சத்தியலுக்கு என்றே ஒரு அறிவியல் இளங்கலைப் படிப்பு தொடங்கியது; ஐரோப்பாவில் அப்படியொரு பட்டப்படிப்பு அதற்கு முன் இல்லை. அடுத்த ஆண்டு யுட்கினின் பதவிப் பெயரும் ஊட்டச்சத்தியல் பேராசிரியர் என்றாயிற்று.

நம் பக்கத்திலும் இதே பாதைதான். 1957இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியது. அமெரிக்காவில் ஒஹையோவில் ஊட்டச்சத்தியலில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பிய ராஜம்மாள் தேவதாஸ் அதன் முதல்வராகவும், கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனபின் துணைவேந்தராகவும் இருந்தார். அங்கும் பெண்களுக்கான மனையியல் என்ற கதவு வழியாகத்தான் உணவு அறிவியல் உள்ளே நுழைந்தது. ‘ஹோம் சயின்ஸ் படிக்கிறாள்’ என்று கல்யாணச் சந்தையில் பெருமையாகவும் கல்லூரி வளாகத்தில் இளப்பமாகவும் சொல்லப்பட்ட அந்தப் படிப்பில்தான் தமிழகத்துக் குழந்தைகளின் எடையும் உயரமும் ஒழுங்காக அளக்கப்பட்டன. இந்தத் துறை பிறந்த வீடு சமையலறை என்பதை மறந்தால், யுட்கினை அவர் காலத்து மருத்துவ உலகம் ஏன் அவ்வளவு எளிதாக ஒதுக்கித்தள்ள முடிந்தது என்பது புரியாது.

1953க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. பிப்ரவரியில் மிட்டாய்க்கும் செப்டம்பரில் சர்க்கரைக்கும் பிரிட்டனில் ரேஷன் நீங்கியது. பதின்மூன்று ஆண்டுகள் அளந்து கொடுக்கப்பட்ட இனிப்பு திடீரென்று தாராளமாயிற்று. ஐம்பதுகளின் முடிவில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 50 கிலோ சர்க்கரை அந்நாட்டில் செலவானது. வீட்டுச் சர்க்கரை ஜாடியில் இருந்து போனது ஒரு பங்குதான். பிஸ்கட்டிலும் ஜாமிலும் பானங்களிலும் ஒளிந்து போனது மீதி. கூடவே மாரடைப்பும் ஏறியது. ஏன் என்பதுதான் அந்தக் காலத்தின் பெரிய கேள்வி.

அமெரிக்காவில் ஆன்சல் கீஸ் ஒரு விடை சொன்னார்: கொழுப்பு. 1953இல் ஆறு நாடுகளின் புள்ளிகளை வைத்து ஒரு வளைகோடு வரைந்தார். கொழுப்பு அதிகம் தின்னும் நாட்டில் மாரடைப்பும் அதிகம். 1957இல் லான்செட் இதழில் யுட்கின் இதற்கு மறுப்பாக ஒரு கட்டுரை எழுதினார். மறுப்பு என்பதைவிட ஒரு பாடம் என்றே சொல்ல வேண்டும். நாடுகளைச் சிலவாகப் பொறுக்கினால் எந்தக் கோட்டையும் வரையலாம், எல்லா நாடுகளையும் சேர்த்தால் கோடு கலைந்துவிடும் என்று காட்டினார். பிறகு பிரிட்டனின் மாரடைப்புச் சாவுகளை ஒவ்வொரு பொருளின் பயன்பாட்டோடும் வரிசையாக ஒப்பிட்டார். மிக அழகாகப் பொருந்தியது கொழுப்பும் அல்ல, சர்க்கரையும் அல்ல. வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளின் எண்ணிக்கை.

வானொலி மாரடைப்பு தரும் என்று அவர் சொல்லவில்லை. நாடு வசதியானால் நூறு விஷயங்கள் ஒன்றாக ஏறும். உட்கார்ந்திருப்பது ஏறும், சிகரெட் ஏறும், இறைச்சி ஏறும், சர்க்கரை ஏறும். அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக் குற்றவாளி என்று சொல்ல ஒரு வரைபடம் போதாது. இன்று வாட்ஸப்பில் வரும் உணவு அறிவுரைகளில் தொண்ணூறு சதவீதத்தை இந்த ஒரு கட்டுரையால் தள்ளிவிடலாம். (தொண்ணூறு என்பது என் எரிச்சலின் அளவு, புள்ளிவிவரம் அல்ல.)

உடல் பருமன் பற்றியும் அவருக்கு அப்படியொரு தெளிவு இருந்தது. 1958இல் எடைக் குறைப்புத் தொழிலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பை வேண்டுமட்டும் தின்னலாம் என்ற உணவுமுறை அப்போது மந்திரமாகப் பேசப்பட்டது. 1960இல் யுட்கினும் அவருடைய சகாவும் ஆறே பேரை வைத்து அளந்து பார்த்தார்கள். எடை குறைந்தது உண்மை. மந்திரம் ஏதுமில்லை. ரொட்டி இல்லாமல் வெண்ணெயை எவ்வளவுதான் தின்ன முடியும்? மாவைக் குறைத்ததும் அவர்கள் தாமாகவே மொத்தக் கலோரியைக் குறைத்துவிட்டிருந்தார்கள். குறைந்த மாவுச்சத்து உணவை ஆதரித்தவர்தான் அதன் மாயத்தையும் உடைத்தார். இந்த நேர்மை அரிது.

ஆனால் அறுபதுகளில் அவர் சர்க்கரையின் பக்கம் முழுதாகச் சாய்ந்தார். 1964இல் மாரடைப்பு வந்தவர்களையும் கால் தமனி அடைத்தவர்களையும் அவர்கள் முன்பு எவ்வளவு சர்க்கரை எடுத்தார்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்தார். நோயில்லாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்தது. கேட்டது சில டஜன் பேரிடம். பிறகு விலங்குகளுக்கும் மாணவர்களுக்கும் சர்க்கரை கொடுத்து ரத்தத்தில் டிரைகிளிசரைடும் இன்சுலினும் ஏறுவதைக் காட்டினார். எல்லோருக்கும் அல்ல, ஒரு பகுதியினருக்கு இன்சுலின் தனியாக எகிறுகிறது என்றும் சொன்னார். இதில் சில பின்னாளில் நிலைத்தன. ஆனால் அந்த நோயாளிக் கணக்கு நிலைக்கவில்லை. வேறு ஆய்வாளர்கள் பார்த்தபோது, அதிகம் சர்க்கரை எடுப்பவர்கள் அதிகம் புகைப்பவர்களாகவும் இருந்தார்கள். சிகரெட்டும் இனிப்புத் தேநீரும் ஒரே கையில். 1970இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு ஒன்று மாரடைப்பு நோயாளிகளின் சர்க்கரை அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. வானொலிப் பெட்டியின் பாடத்தை உலகுக்குச் சொன்னவர், தன் வரைபடத்தில் சிகரெட்டைக் காணத் தவறினார். இதை அவரது ரசிகர்கள் சொல்வதில்லை.

1971இல் கீஸ் அவரைக் கடுமையாகத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். கீஸின் ஏழு நாடுகள் ஆய்வு அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியாகியிருந்தது. 16 குழுக்கள், ஏறக்குறைய 12,700 ஆண்கள். அவர் படம் 1961இலேயே டைம் இதழின் அட்டையில் வந்தது. யுட்கினுக்கு அட்டையும் இல்லை, பன்னிரண்டாயிரம் பேரும் இல்லை. அதே 1971இல் ஓய்வு பெற்றார். கல்லூரியில் தொடர்ந்து ஆய்வு செய்ய இடம் தருவதாக முன்பு சொன்னது மறுக்கப்பட்டதாகவும், வழக்கறிஞர் கடிதத்துக்குப் பிறகே தனிக் கட்டடத்தில் ஒரு சிறிய அறை கிடைத்ததாகவும் பின்னாளில் எழுதப்பட்டது. தான் எழுப்பிய துறையில் ஓர் அறைக்காக வக்கீல் வைப்பது எப்படி இருந்திருக்கும்?

மறு ஆண்டு வந்தது அந்த நூல், ‘தூய, வெள்ளை, கொடிய’ என்ற பொருள்படும் தலைப்போடு. பொதுவாசகர்களுக்கு எழுதியது. பல மொழிகளுக்குப் போனது. உலகச் சர்க்கரை ஆராய்ச்சி அமைப்பு 1979இல் தன் வெளியீட்டில் அதை அறிவியல் புனைகதை என்று எள்ளியது. யுட்கின் வழக்குத் தொடுத்தார். அமைப்பு தன் சொல்லைத் திரும்பப் பெற்றது. வழக்கில் வென்றார். ஆனால் அதற்குள் மாணவர்கள் சர்க்கரை பற்றிய ஆய்வைத் தொடத் தயங்க ஆரம்பித்திருந்தார்கள். யுட்கின் மாதிரி ஆகிவிடுவாய் என்பது ஆய்வாளர்களிடையே ஒரு மிரட்டலாயிற்று. 1995 ஜூலையில் அவர் இறந்தபோது சூப்பர்மார்க்கெட்டுகளில் கொழுப்பு நீக்கிய தயிர் வரிசை வரிசையாக இருந்தது. கொழுப்பை எடுத்த இடத்தில் சுவைக்குச் சர்க்கரை.

2009இல் கலிஃபோர்னியாவின் குழந்தை மருத்துவர் ராபர்ட் லஸ்டிக் சர்க்கரை பற்றி ஆற்றிய உரை இணையத்தில் கோடிக்கணக்கானோரை எட்டியது. அவர் யுட்கினின் பழைய நூலைத் தேடி எடுத்துக் காட்டினார். 2012இல் பெங்குயின் அதை மறுபதிப்பாக்கியது. 2016இல் இன்னொரு செய்தி வெளிவந்தது. அமெரிக்கச் சர்க்கரை ஆலைக்காரர்களின் ஆராய்ச்சி அமைப்பு அறுபதுகளின் நடுவில் ஹார்வர்ட் ஆய்வாளர்களுக்கு ஏறக்குறைய 6,500 டாலர் கொடுத்து ஒரு ஆய்வுத் தொகுப்புரை எழுதவைத்தது. அது 1967இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், யார் பணம் என்ற குறிப்பில்லாமல் வந்தது. சர்க்கரைமீதான குற்றச்சாட்டைத் தணித்து, கொழுப்பைச் சுட்டிக்காட்டிய தொகுப்புரை. பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்தவர்கள் இதைக் காட்டினார்கள். யுட்கின் சரி, உலகம் பிழை என்று தலைப்புகள் ஓடின.

நான் இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். 2018இல் சயன்ஸ் இதழில் இரு வரலாற்றாசிரியர்கள், அந்தக் காலத்தில் உணவுத் தொழிலின் பணம் வாங்காத ஊட்டச்சத்து ஆய்வாளர் அபூர்வம் என்றும், அதைச் சதி என்று கதை கட்டுவது வரலாறு ஆகாது என்றும் எழுதினார்கள். சரியான பேச்சு. அரசாங்கம் இந்தத் துறைக்குக் கொடுத்தது குறைவு. உணவை விற்க வேண்டியவர்களே உணவைப் பற்றிய ஆய்வுக்கும் பணம் கொடுத்தார்கள். சமையலறையிலிருந்து வந்த துறை, கடைத்தெருவின் தயவில் வளர்ந்தது. யுட்கினை வீழ்த்தியது ஒரு கையூட்டுப் பத்திரம் அல்ல. தன் சாட்சியம் பலவீனமாக இருந்தபோது அதைப் பலப்படுத்த அவருக்குப் பணமும் காலமும் ஆட்களும் கிடைக்கவில்லை என்பதுதான். எதிர்ப்பக்கத்தின் சாட்சியத்திலும் ஓட்டைகள் இருந்தன. அவற்றை அடைக்க அவர்களுக்குப் பதினாறு குழுக்கள் இருந்தன.

சர்க்கரையைப் பற்றி மெய்யாகவே கோபத்தோடு எழுதிய வேறொருவர் அப்போது இருந்தார். தமிழ் வாசகர்கள் அவரை அறிந்துகொள்ள வேண்டும். வாலஸ் அய்க்ராய்ட், குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்களின் இயக்குநராக 1935 முதல் 1945 வரை இருந்தவர். அதே ஆய்வுக்கூடத்தின் முன்னோடி ராபர்ட் மக்கரிசன், இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து, பஞ்சாபி உணவு தின்ற எலி கொழுகொழுவென்றும் மதராஸ் உணவு தின்ற எலி சோனியாகவும் இருப்பதைக் காட்டி நம்மைச் சங்கடப்படுத்தியவர். பாலிஷ் போட்ட அரிசி பற்றிய நம் வீட்டுச் சண்டைகள் அங்கிருந்தும் வந்தவை. அய்க்ராய்ட் குன்னூருக்குப் பிறகு ஐ.நா. உணவு அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். 1967இல், அமெரிக்கத் தொகுப்புரை வந்த அதே ஆண்டில், சர்க்கரைக்கும் அடிமை வணிகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். யுட்கின் சர்க்கரை தின்பவன் உடலைப் பார்த்தார். அய்க்ராய்ட் கரும்பு வெட்டியவன் உடலையும் பார்த்தார்.

அங்கே நாமும் வருகிறோம். அடிமை முறை ஒழிந்தபின் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தது இந்தியாவில். 1834 முதல் மொரீஷியஸ். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் நேட்டாலில் டர்பன் துறைக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. ஃபிஜிக்கு 1903 முதல் மதராஸிலிருந்து நேரடியாக ஆட்கள் போனார்கள். அந்தப் பெண்களின் துயரத்தை பாரதி பாட்டாக்கினார். டேட் பிறந்தபோது அடிமை வணிகம் பிரிட்டனில் சட்டப்படி முடிந்திருந்தது. அவர் அடிமைகளை வைத்திருந்தவர் அல்லர். ஆனால் அவர் கட்டிகளாக்கிய தொழில் யாருடைய முதுகில் நின்றது என்பதை ஸ்ட்ரெதம் நூலகத்தின் முகப்பு சொல்லாது.

அந்தச் சர்க்கரை இன்று நம் உடம்பில் வேறு பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நீரிழிவுக்கே ‘சர்க்கரை’ என்று பெயர். ‘அவருக்குச் சர்க்கரை இருக்கு’ என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ‘சீனி வருத்தம்’. ஸ்ட்ரெதத்திலிருந்து சற்றே மேற்கே போனால் டூட்டிங். அங்கே தமிழ்க் கடைகளில் பனங்கட்டியும் கருப்பட்டியும் ‘இது சீனி இல்லை, நாட்டு மருந்து’ என்ற நம்பிக்கையோடு விற்பனையாகின்றன. பழைய ஆட்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பார்கள். அந்தச் சுவைக்கு நானும் அடிமை. ஆனால் கணையத்துக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 1991இல் லண்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, இங்குள்ள தெற்காசியரிடம் வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் ஐரோப்பியரைவிட அதிகம் என்று காட்டியது. 2013இல் பிரிட்டிஷ் வழிகாட்டுதல், ஆசிய வம்சாவளியினருக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே அபாயம் கூடும் என்று எல்லையை இறக்கியது. ஒரு பகுதியினருக்கு மட்டும் இன்சுலின் எகிறுகிறது என்று யுட்கின் சொன்னபோது அவர் நம்மை மனதில் வைத்துச் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தைத் தொடர்ந்து ஆராய யாராவது அப்போதே பணம் கொடுத்திருந்தால் நல்லது நடந்திருக்கும்.

அரசாங்கங்களும் ஒருவழியாக நகர்ந்தன. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. பிரிட்டனின் அறிவியல் குழு அதே ஆண்டில் 5 சதவீதம் என்றது. 2018 ஏப்ரலில் குளிர்பானங்கள்மீது வரி வந்தது. நூறு மில்லிக்கு 8 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு அப்போது 24 பென்ஸ். வரி அமலுக்கு வருமுன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்து, அந்த இடத்தில் செயற்கை இனிப்பைப் போட்டன. அதிகம் போடப்பட்டவற்றில் ஒன்று சுக்ரலோஸ்.

சுக்ரலோஸ் பிறந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1976இல் பேராசிரியர் லெஸ்லி ஹஃபின் ஆய்வுக்கூடத்தில், டேட் அண்ட் லைல் நிறுவனத்தோடு சேர்ந்து, சர்க்கரை மூலக்கூறில் குளோரினைப் புகுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்த இந்திய ஆய்வாளர் சசிகாந்த் பட்னிஸிடம் ஒரு சேர்மத்தை ‘டெஸ்ட்’ செய்யச் சொன்னார்கள். அவர் காதில் ‘டேஸ்ட்’ என்று விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார். சர்க்கரையைப்போல ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பு. நம் காதுக்கும் அந்த இரண்டு சொற்களும் ஒன்றாகத்தானே விழும்? அந்த ஆய்வுக்கூடம் இருந்தது ராணி எலிசபெத் கல்லூரியில். யுட்கின் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு கழித்து, அவர் கல்லூரியிலேயே, ஸ்ட்ரெதம் ஹென்றி டேட்டின் பெயர் தாங்கிய நிறுவனத்தின் பணத்தில், ஊட்டச்சத்துத் துறைக்கு அல்ல, வேதியியல் துறைக்கு அது கிடைத்தது.

1985இல் அந்தக் கல்லூரி கிங்ஸ் கல்லூரியோடு இணைந்தது. காம்ப்டன் ஹில் கட்டடங்கள் பிறகு வீடுகளாக்கப்பட்டன. ஸ்ட்ரெதமில் பார்க் ஹில் மாளிகையும் ஒரு காலம் கன்னியர் மடமாக இருந்துவிட்டுக் குடியிருப்பாயிற்று. 2010இல் டேட் அண்ட் லைல் சர்க்கரைத் தொழிலை ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. சுக்ரலோஸை வைத்துக்கொண்டது.